பச்சைப் பட்டனை அமுக்காதீர்கள்

செப்டம்பர் 1, திங்கள்

அந்தப் பக்கத்தில் இருந்த பட்டன்களிலேயே உண்மையானதுதான் ரொம்பச் சின்னது. இதை இன்றைக்குத்தான் கவனித்தேன். பச்சை நிறத்தில், வாழை இலை அகலத்துக்கு, 'டவுன்லோடு' என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி துள்ளிக்கொண்டிருக்கும். அது விளம்பரம். அதற்குக் கீழே சிவப்பில் ஒன்று, இன்னும் அவசரமாக. அதுவும் விளம்பரம். நமக்கு வேண்டியது எங்கோ ஓரத்தில், சாம்பல் நிறத்தில், அடிக்கோடு போட்ட ஒரே வரியாக, யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது தென்காசியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் கம்பெனியில். பெயர் சிற்றருவி சாஃப்ட்வேர் சொல்யூஷன்ஸ். போர்டு கட்டடத்தைவிட அகலம். உள்ளே இருப்பது நாலு பேர். முதலாளி குற்றாலிங்கம் சார். புரோகிராம் எழுதுவது செல்வின் அண்ணன். போன் எடுப்பது நஸ்ரின் அக்கா. நாலாவது நான். பெருக்குவேன், டீ வாங்குவேன், டம்ளர் கழுவுவேன், டவுன்லோடு செய்வேன்.

மளிகைக் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம்தான் எங்கள் சரக்கு. அதை எழுதுவதற்கு வேண்டிய கருவிகளும், அது கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஓடுவதற்கு வேண்டிய துண்டுகளும் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. செல்வின் அண்ணனுக்கு அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இணையம் உள்ள கம்ப்யூட்டரின் முன்னால் என்னை உட்கார வைத்து, "இந்த டவுன்லோடு நிக்காமப் பாத்துக்க தங்கச்சி" என்றார். பார்த்துக்கொண்டேன். பிறகு பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, தேடுவதையும் என்னிடமே விட்டுவிட்டார்.

யாரிடமும் பேச வேண்டாத வேலை. உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் நஸ்ரின் அக்கா கீழே போயிருந்தபோது போன் அடித்தது. நான் டம்ளர் கழுவப் போய்விட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

ரன்டைம் என்றால் என்ன என்று செல்வின் அண்ணன் இன்று விளக்கினார். நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவராகவே சொன்னார்.

"நம்ம புரோகிராம் தோச மாவு. ரன்டைம் தோசக்கல்லு. மாவ மட்டும் கொண்டுபோயிக் கடைக்காரன் கையில குடுத்தா அவன் எதுல சுடுவான்?"

"அவங்க வீட்டுல கல்லு இருக்காதா?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அதற்கும் அவரே பதில் சொன்னார்.

"எல்லாரு கம்ப்யூட்டர்லயும் கல்லு இருக்கும். ஆனா ஒவ்வொரு மாவுக்கும் அதுக்குன்னு உள்ள கல்லுதான் வேணும். கல்லு இல்லன்னா, 'ஒரு ஃபைலக் காணல'ன்னு ஒரு பெட்டி வந்து நிக்கும். உடனே நமக்குப் போன் போட்டு ஏசுவாங்க."

நஸ்ரின் அக்கா போன் மேசையிலிருந்தே, "ஏச்சு வாங்குதது நானு, தோச சாப்பிடுதது நீங்க" என்றார்.

இன்று இறக்கிய சாமான் பெரியது. முதலில் 'இன்னும் நான்கு நிமிடம்' என்று காட்டியது. கொஞ்சம் கழித்து 'இரண்டு மணி நேரம்' என்றது. அப்புறம் 'ஒரு நிமிடம்' என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரை அப்படியே நின்றது. நேரத்தைப் பற்றி இவ்வளவு பொய் சொல்கிறவரை அம்மாவைத் தவிர நான் பார்த்ததில்லை. அவளும் காலையில் "மணி ஏழாச்சு, எந்திரிட்டி" என்று ஐந்தரைக்கே எழுப்புவாள்.

செப்டம்பர் 4, வியாழன்

டம்ளர்களை இன்று அடிக்கடி கழுவ வேண்டியிருந்தது. தூசி அதிகம்.

செப்டம்பர் 8, திங்கள்

அம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள். முறம் மடியில் இருக்கும், கண் என்மேல் இருக்கும், கை தன்பாட்டில் இலையைச் சுருட்டிக்கொண்டே இருக்கும்.

"அந்த ஆபீஸ்ல நீ என்னதாம்ட்டி செய்யுத?"

"டவுன்லோடு."

"அப்படின்னா?"

"இறக்குதது."

"எதுலேர்ந்து இறக்குத?"

"மேலேர்ந்துன்னு வச்சுக்கோயேன்."

"லாரியிலேர்ந்து இறக்குதவனுக்குத் தோள்ல துண்டாவது இருக்கும்" என்று அம்மா சொன்னாள். "நம்ம ஏஜெண்டுகிட்ட ஒரு சொல் சொல்லி வச்சிருக்கேன். உம்பேர்லயும் ஒரு பீடிக் கார்டு போட்டுருவாரு. இல, தூளு, நூலு எல்லாம் வீடு தேடி வரும். யாருகிட்டயும் வாயத் தொறக்க வேண்டாம்."

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்தே அவளுக்கு அந்த யோசனை உண்டு. பள்ளிக்கூடம் விட்டதற்குக் காரணம் பஸ் நேரம் ஒத்துவராததுதான்.

பீடி சுற்றுவதில் ஒரு குறையும் இல்லை. நான் நன்றாகவே சுற்றுவேன். ஆனால் முறத்தில் என்ன வரும் என்று காலையிலேயே தெரியும். கம்ப்யூட்டரில் என்ன வரும் என்று தெரியாது.

செப்டம்பர் 11, வியாழன்

உண்மையானது சின்னதாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். சின்னதாக இருப்பதெல்லாம் உண்மை இல்லை.

ஒரு கருவியை இறக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதில் எறும்பு எழுத்தில் ஒரு வரியும், பக்கத்தில் ஏற்கனவே போட்ட ஒரு டிக்கும் இருந்தன. சின்ன எழுத்து, நல்லதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு இணையத்தைத் திறந்தால் முதலில் ஒரு ஜோசியப் பக்கம் வந்து நிற்கிறது. மூடினால் இரண்டாக வருகிறது.

செல்வின் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த டிக்க எடுத்துவிட்டுல்லா ஏத்தணும் தங்கச்சி."

அதற்குள் குற்றாலிங்கம் சார் வந்து எட்டிப் பார்த்தார். "என்னது, துலாம் ராசியா? கொஞ்சம் மேல தள்ளு."

தள்ளினேன். சார் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"சார், இது வைரஸ் மாதிரி. எடுக்கணும்" என்றார் செல்வின் அண்ணன்.

"என்னத்த வைரஸு. 'உடன் பணிபுரிவோரால் விரயம்'னு போட்டிருக்கான். சரியாத்தான சொல்லுதான்."

செப்டம்பர் 12, வெள்ளி

ஜோசியத்தை எடுத்தாகிவிட்டது. காலையில் சார் வந்ததும், "எங்க அந்தப் பக்கம்?" என்று கேட்டார். நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

நஸ்ரின் அக்கா பிரசவத்துக்குக் கடையநல்லூரில் தன் அம்மா வீட்டுக்குப் போகிறார். ஆயுத பூசைக்கு முன்னால் நின்றுகொள்வாராம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், வயிறே சொல்கிறது.

"அப்ப போன யாரு எடுக்க?" என்றார் சார்.

செல்வின் அண்ணன் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நஸ்ரின் அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்து டம்ளர்களை எடுத்தேன்.

"ஏளா, இப்பத்தான கழுவுன" என்றார் அக்கா. "இன்னுங் கொஞ்சம் தேய்ச்சேன்னா அந்தப் பக்கம் தெரியும்."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தண்ணீர் சத்தத்தில் கேட்டிருக்காது.

போனைப் பற்றி எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. அது என் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். சிவப்பு நிறம், சுருள் வயர், கனமான ரிசீவர். அதில் வருகிறவர்கள் எல்லோரும் கோபமாகவே வருவார்கள். சுரண்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சொர்ணம் அண்ணாச்சி பேசினால், ரிசீவர் அக்கா காதில் இருக்கும்போதே எனக்கு ஜன்னல் பக்கம் கேட்கும்.

செப்டம்பர் 17, புதன்

செல்வின் அண்ணன் புதிதாக ஒன்று காட்டினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டி எண்டரை அழுத்தினார். கருவிகள், துண்டுகள், தோசைக்கல் எல்லாம் தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. தேட வேண்டாம். பச்சைப் பட்டன் இல்லை, சிவப்புப் பட்டன் இல்லை, டிக் இல்லை. எது எதற்கு எது வேண்டும் என்று அதற்கே தெரிகிறது. நான் பக்கத்தில் நின்று கடைசி வரி வரை பார்த்தேன். நன்றாக இருந்தது. இனி என் கண்ணுக்கு ஓய்வு.

சாரும் பார்த்தார். "சாமான் எல்லாம் வந்துட்டா?"

"வந்துட்டு சார்."

"அப்ப இந்தப் பிள்ள என்ன செய்யும்?"

செல்வின் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சார் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். நல்ல குரலில்தான் பேசினார். "விஜயதசமி நல்ல நாளு. அன்னைக்கிலேர்ந்து நீ போன எடு. நஸ்ரின் சொல்லித் தருவா. எடுத்துட்டன்னா சந்தோஷம். முடியலன்னா கோவிச்சுக்காத தாயி, டம்ளர் கழுவ மட்டும் ஒரு ஆளு வச்சுக்க என்னால முடியாது."

தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, முடியாது என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. சார் சரி என்று எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

அம்மாவிடம் சொல்லவில்லை. கார்டு விஷயமாக ஏஜெண்ட் தீபாவளிக்குள் வருவாராம்.

செப்டம்பர் 19, வெள்ளி

நஸ்ரின் அக்கா பயிற்சி கொடுத்தார். அவர் மாடிப்படியில் நின்று தன் செல்போனிலிருந்து ஆபீசுக்குப் போட வேண்டும், நான் எடுக்க வேண்டும். மணி அடித்தது. எடுத்தேன். காதில் வைத்தேன். அக்கா படியிலிருந்து பேசுவது ஒரு காதில் போனிலும் இன்னொரு காதில் நேராகவும் கேட்டது.

"சொல்லுளா."

சுருள் வயரை விரலில் சுற்றினேன்.

"ஏளா, நான்தான. பயப்படாம ஒரு வார்த்த சொல்லு. ஹலோ கூட வேண்டாம். உம்பேரச் சொல்லு, போதும்."

என் பெயர் முப்பிடாதி. எங்கள் தெருக் கோடியில் இருக்கும் அம்மனின் பெயர். அம்மன் கோயிலில் அது நன்றாக இருக்கிறது. வகுப்பில் ஸ்டெல்லாவுக்கும் ஹரிணிக்கும் நடுவில் இருந்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல அட்டென்டன்ஸ் எடுக்கையில என்ன செய்வ?"

"சொல்லுவேன்."

"என்னன்னு?"

"உள்ளேன் டீச்சர்னு."

"அத இதுல சொல்லுளா."

சொல்வேன் என்றது உண்மைதான். ஒன்பதாம் வகுப்பில் வந்த டீச்சருக்கு அது கேட்காது. அவர் தலையைத் தூக்க மாட்டார், இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டார். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் விழும். அப்படிப் பல நாள் விழுந்தது. வருஷக் கடைசியில் வருகை போதவில்லை என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

மற்றபடி பஸ் நேரமும் ஒத்துவரவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி தொடங்கிவிட்டது. கீழே பாத்திரக் கடையில் கொலு. கூட்டம் படி வரை நிற்கிறது.

சொர்ணம் அண்ணாச்சி கடையில் ஓடுவது எங்கள் பழைய புரோகிராம். அதற்குப் பழைய ரன்டைம்தான் வேண்டும். செல்வின் அண்ணனின் ஒற்றை வரி அதைக் கொண்டுவர மறுத்துவிட்டது. "பழசெல்லாம் அதுக்குத் தெரியாது" என்றார். அவர் சொல்வதைப் பார்த்தால் அது அதனுடைய தப்பு இல்லை. "கெடக்கட்டும், அவரு கம்ப்யூட்டர்ல அது ஏற்கனவே இருக்கு, புதுசு மாத்தினாத்தான் வேணும், அந்தாளு எப்ப மாத்தப் போறாரு" என்றும் சொன்னார்.

எனக்கு வேறு வேலை இல்லை. தேடினேன்.

செப்டம்பர் 24, புதன்

கிடைத்துவிட்டது. ஊரில் உள்ள எல்லாப் பக்கங்களும் அந்தப் பழைய ரன்டைம் தங்களிடம் இருப்பதாகத்தான் சொல்கின்றன. பச்சைப் பட்டன்களுடன் சொல்கின்றன. அதைச் செய்த கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் மட்டும் அது முன்னால் இல்லை. 'பழைய பதிப்புகள்' என்று ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் போய், அடிவரை இறங்கினால், ஆண்டு வாரியாக வரிசை. அதில் ஒரு வரி. இந்தத் தடவை டிக் ஏதும் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தேன். இல்லை.

பென் டிரைவில் போட்டு செல்வின் அண்ணனிடம் கொடுத்தேன். "ம்" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் அந்தப் பக்கத்துக்குத் திரும்பவும் போய், எப்படி வந்தேன் என்று முதலிலிருந்து ஒரு தடவை நடந்து பார்த்தேன். காரணம் ஒன்றும் இல்லை. நாளைக்கு இது யாருக்கும் வேண்டியிருக்காது.

செப்டம்பர் 25, வியாழன்

ஆயுத பூசைக்கு எதை வைப்பது என்று இன்று பெரிய பேச்சு. லேத்துப் பட்டறையில் ஸ்பேனர் வைப்பார்கள், மளிகைக் கடையில் தராசு வைப்பார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியில்?

"நம்ம கருவியெல்லாம் டவுன்லோடு பண்ணது சார். கண்ணுக்குத் தெரியாது" என்றார் செல்வின் அண்ணன்.

"சாமியுந்தான் கண்ணுக்குத் தெரியாது. படம் வைக்கோம்லா" என்றார் சார்.

கடைசியில், இறக்கிய சாமான் எல்லாம் இருக்கும் அந்தப் பென் டிரைவை வெற்றிலைமேல் வைப்பது என்று முடிவானது. கம்ப்யூட்டருக்கு மாலை. போனுக்குப் பொட்டு. பூசை முடிந்தால் மறுநாள் மறுபூசை வரை எதையும் தொடக்கூடாது. இதில் மட்டும் சார் ரொம்பக் கண்டிப்பு.

"சார், எனக்குப் பொரி ரெண்டு பங்கு எடுத்து வச்சிருங்க. வயித்துல ஒரு ஆளு இருக்கு" என்றார் நஸ்ரின் அக்கா.

"உனக்கு வருஷா வருஷம் ரெண்டு பங்குதான. போன வருஷம் யாரு இருந்தா?" என்றார் செல்வின் அண்ணன்.

செப்டம்பர் 27, சனி

அக்காவின் கடைசி நாள். போகும்போது என் கையைப் பிடித்து போன்மேல் வைத்தார். "இதுக்குள்ள இருக்கவங்க யாரும் உன்னப் பாக்க முடியாதுளா. அத மட்டும் நெனச்சுக்க."

இரண்டு நிமிடம் அப்படியே நின்றோம். அது அடிக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

போனை சாரே எடுக்கிறார். "விஜயதசமிலேர்ந்து ஆளு வருது" என்று எல்லோரிடமும் சொல்கிறார். ஒட்டடை அடித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆபீஸ் முழுக்கக் கழுவினோம். செல்வின் அண்ணன் பூசை லீவுக்கு நாகர்கோவிலில் உள்ள வீட்டுக்குச் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாளை மறுநாளிலிருந்து போன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று. அம்மா கையை நிறுத்தவில்லை.

"முடியலன்னா விட்ரு. நீ பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான விட்ட."

"அது பஸ் டைம் ஒத்துவரலம்மா."

"பஸ்ஸு நம்ம வீட்டு வாசல்லதாம்ட்டி நிக்கும்" என்றாள் அம்மா.

கொஞ்ச நேரம் அவளுடன் உட்கார்ந்து சுற்றினேன். நாலைந்து பீடி கோணலாக வந்தது. அவள் அவற்றைப் பிரித்துத் திரும்பச் சுற்றிக்கொண்டாள்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் நல்ல நேரத்தில் பூசை. சந்தனம் கரைத்தது நான், வைத்தது சார். சாருக்குக் கை தாராளம். கம்ப்யூட்டர், பிரிண்டர், நாற்காலி, கால்குலேட்டர் எதையும் விடவில்லை. பென் டிரைவை எடுத்து, "இதுதான் முக்கியம்" என்று நாலு பக்கமும் தடவினார். அதற்கு மூடி தொலைந்து நாளாகிறது. வாய் நிறையச் சந்தனம். போனில் ரிசீவர்மேல் ஒன்று, டயல்மேல் ஒன்று. தன் செல்போனும் கருவிதான் என்று, அதையும் அணைத்துப் பொட்டு வைத்து வாழை இலையில் வைத்துவிட்டார். கரண்ட் மெயினை நிறுத்தினார். மாமனார் வீட்டுப் பூசைக்கு செங்கோட்டை போக வேண்டும் என்று கிளம்பினார்.

"டம்ளரு, ஏனம் எல்லாம் கழுவி வச்சிட்டுப் பூட்டிட்டுப் போ. எதையும் தொட்டுராத."

எனக்கு நிம்மதியாக இருந்தது. போனை எடுக்கக்கூடாது என்று சாஸ்திரமே சொல்லும் நாள் வருஷத்தில் ஒன்றுதான்.

டம்ளரைத் தொட்டியில் போட்டேன். போன் அடித்தது. அது கரண்டில்லாமலும் அடிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அடித்து ஓய்ந்தது. உடனே திரும்ப அடித்தது. குழாயைப் பெரிதாகத் திறந்தேன். அப்போதும் கேட்டது. இவ்வளவு விடாமல் கூப்பிடுகிறவர் யார் என்று யோசித்தேன். கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார். இல்லை, யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். நான் இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் எடுத்தேன். சந்தனம் ஜில்லென்று காதில் ஒட்டியது.

"நஸ்ரினா?" சொர்ணம் அண்ணாச்சி. பின்னால் சந்தைக் கூச்சல்.

"இல்ல."

"என்னது? யாரு பேசுதது? யாராவது இருக்கியளா இல்லையா?"

"முப்பிடாதி."

"யாரு?"

"முப்பிடாதி பேசுதேன்."

"முப்பிடாதியா? நல்லதாப் போச்சு. பூசையன்னைக்கு அம்மனே போன எடுத்துட்டா. தாயி, பூசைக்குன்னு புதுக் கம்ப்யூட்டரு வாங்கி வச்சேன். உங்க புரோகிராம அப்படியே தூக்கி இதுல போட்டேன். என்னமோ ஒரு ஃபைலக் காணலைங்கான். கடையில நிக்க எடமில்ல. பொரி, கடல, பூசணிக்கா, வெலையெல்லாம் அதுக்குள்ளதான கெடக்கு. ஆள அனுப்புங்க."

"ஆளு இல்ல."

"அந்தக் குச்சியவாது குடுத்துவிடுங்க."

வெற்றிலைமேல் இருந்த பென் டிரைவைப் பார்த்தேன். அதன் வாயிலிருந்த சந்தனம் காயத் தொடங்கியிருந்தது.

"குச்சியும் முடியாது அண்ணாச்சி. உங்க கம்ப்யூட்டர்ல நெட்டு இருக்கா?"

"இருக்கு."

"நான் சொல்லச் சொல்லச் செய்யுதியளா?"

அந்த ரன்டைமைச் செய்த கம்பெனியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் கடைக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னார். நடுவில் யாரிடமோ, "பொரி படி என்ன வெலையா? போன வருஷத்து வெலதான், எடுத்துக்க" என்றார். பிறகு, "ஆ, வந்துட்டு தாயி. பச்சையா, பெருசா, டவுன்லோடுன்னு கெடக்கு. அமுக்கிருதேன்."

"வேண்டாம்."

அது என் குரல்தான். கொலுவுக்கு வந்து படியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

"ஏந்தாயி இந்தக் கத்து கத்துத" என்றார் அண்ணாச்சி.

"அது விளம்பரம். நீங்க வேற பக்கத்துக்குப் போயிருக்கிய. அதுக்குக் கீழ பாருங்க. அந்தக் கம்பெனி பேரு மட்டும் போட்டு ஒரு வரி இருக்கும். பளபளன்னு இருக்காது."

"இருக்கு."

"அதுக்குள்ள போங்க. 'பழைய பதிப்பு'ன்னு இங்கிலீசுல இருக்கும். அதுக்கும் உள்ள போயி, அடிவரைக்கும் இறங்குங்க."

அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது. அந்தப் பக்கம் மட்டும் ரெண்டு பேருக்கும் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. வலது ஓரம் ஒரு தடவை, கீழே ஒரு தடவை, மறுபடி கீழே.

"சாம்பக் கலர்ல ஒரு வரி. கண்ணே தெரியல. இதா?"

"அதான். டிக் எதுவும் போட்டிருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"இருந்தா ஜோசியம் வரும்."

"ஜோசியமா?" என்றார். விளக்க நேரமில்லை. "அமுக்குங்க அண்ணாச்சி."

"அமுக்கிட்டேன். 'இன்னும் நாலு நிமிஷம்'கான்."

"நம்பாதீங்க. ஆனா வச்சிராதீங்க, லைன்ல இருங்க."

இருந்தார். நானும் இருந்தேன். அவர் பூசணிக்காய் விற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மாவிலைக்கும் காசா என்று சண்டை போட்டாள். அது நாலு நிமிடத்தைவிட ரொம்ப அதிகம். ரிசீவர் கனமாக இருந்ததால் கை மாற்றிக்கொண்டேன். இந்தக் காதிலும் சந்தனம்.

"தாயி, ஏறிட்டு. பில்லு வருது." அப்புறம் யாரிடமோ, "ஏ, வரிசையா வாங்கப்பா." எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

ரிசீவரில் பொட்டு கலைந்து, என் விரல் அச்சாக இருந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தில் தொட்டு, சார் வைத்த இடத்திலேயே மறுபடி ஒன்று வைத்தேன். அதன்மேல் குங்குமம். சார் வைத்ததைவிடச் சின்னது.

டம்ளர்கள் தொட்டியிலேயே கிடந்தன. பொட்டு காய்வதற்குள் போன் அடித்தது. எடுத்தேன்.